விண்வெளி விளையாட்டுகளில் வாகனங்களின் சக்தி மூலங்கள்

1979-ஆம் ஆண்டில் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட ‘லூனார் லாண்டர்’ என்னும் விளையாட்டு யந்திரத்தில், சந்திரனை நோக்கி இறங்கும் கலத்தின் எரிபொருள் தீர்ந்துவிடும் தறுவாயில் ஆடுபவர் இன்னொரு காசு போட்டால், இன்னும் சிறிது எரிபொருள் கலத்துக்குக் கிடைத்தது. அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்னரே, மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சார்ந்த இளைஞர்கள் சிலர் அக்காலத்துக் கணிப்பொறி ஒன்றில் உருவாக்கிய ‘ஸ்பேஸ்வார்’ விளையாட்டில், ஒரு நட்சத்திரத்தின் ஈர்ப்புக்கு உட்பட்டுச் சுழன்று போர் புரியும் இரு கலங்களுக்கும் எரிபொருள் அளந்தே வழங்கப்பட்டிருந்தது. ஆகவே, வாகனத்தை ஓட்டும் சக்தி எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் வரும் என்ற கேள்வி விண்வெளி விளையாட்டுகளோடு கூடவே பிறந்த கேள்வியாகும். அன்று வெறும் ஓர் எண்ணாகத் திரையில் குறைந்துகொண்டிருந்த அப்பொருள், இன்று யுரேனியம், புளூட்டோனியம், ஹீலியம்-3, டிரிடியம், எதிர்ப்பொருள் என்று பல திருநாமங்களைப் பெற்றுவிட்டது. அத்திருநாமங்களுக்குப் பின்னே நிற்கும் பௌதிகம் எவ்வளவு தூரம் மெய்யானது என்பதே இக்கட்டுரையின் விசாரம்.

முதலில் ஒரு பாகுபாட்டைத் தெளிவு செய்துகொள்வது அவசியம். ஒரு பொருளில் அடங்கியிருக்கும் மொத்த சக்தி வேறு. அது ஒரு நொடியில் எவ்வளவு வெளிப்படுகிறது என்னும் திறன் வேறு. புளூட்டோனியம்-238 கட்டி ஒன்றில் அடங்கியுள்ள சக்தி பிரம்மாண்டமானது. ஆனால் அது பல தலைமுறைக் காலத்துக்குச் சொட்டுச் சொட்டாகவே வெளிப்படும். எவரும் அதை அவசரப்படுத்த முடியாது. விளையாட்டுகளை ஆக்குவோர் பெரும்பாலும் சக்தி மூலத்தைத் தேர்வதில் பிழை செய்வதில்லை. அதன் வேகத்தில்தான் பிழை செய்கிறார்கள் என்பது என் கருத்து. அதை எண்களைக் கொண்டே நிறுவ முயல்கிறேன்.

மானிடன் வேற்றுலகில் ஏறி ஓட்டிய முதல் வாகனம் 1971 ஜூலையில் அப்பல்லோ-15 கொண்டுசென்ற சந்திர ஊர்தி. அதன் நிறை 210 கிலோ. வெள்ளி–துத்தநாக பாட்டரிகள் இரண்டு அதற்குச் சக்தி அளித்தன. அவற்றை மீண்டும் மின்னேற்றம் செய்ய வழியில்லை. சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு மோட்டார்கள், ஒவ்வொன்றும் கால் குதிரைத் திறன். ஆக முழு வாகனத்துக்கும் ஒரே ஒரு குதிரைத் திறன். அதைக்கொண்டு மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர் வேகம் கிட்டியது. 1972 டிசம்பரில் அப்பல்லோ-17-இன் ஊர்தி ஏறக்குறைய 36 கிலோமீட்டர் தூரம் ஓடியது. இதற்கு முன்பே, 1970 நவம்பரில், சோவியத் நாட்டின் லூனாகோத்-1 நேர் எதிரான மார்க்கத்தைக் காட்டியிருந்தது: மூடியின் உட்புறம் சூரிய மின்தகடு பதித்து, பகலெல்லாம் மூடியைத் திறந்து மின்னேற்றம் செய்துகொண்டு, இரவு வந்ததும் மூடியை இறக்கி, பொலோனியத்தின் கதிரியக்க உஷ்ணத்தால் உயிரைக் காத்துக்கொண்டு, பத்து மாதங்களில் பத்து கிலோமீட்டரே ஊர்ந்தது. வேகமாக ஓடி மூன்று நாளில் முடிந்துபோவது ஒரு வழி. மெல்ல ஊர்ந்து பல மாதம் வாழ்வது மற்றொரு வழி. இவ்விரண்டையும் ஒருங்கே விரும்புவதில்தான் விளையாட்டுகளின் இடர்ப்பாடு தொடங்குகிறது.

சந்திர ஊர்தியின் எண்களிலிருந்தே பயனுள்ள அளவுகோல் ஒன்றைப் பெறலாம். இரு பிரயாணிகளோடும் சாமான்களோடும் சேர்த்து அதன் நிறை 700 கிலோவை எட்டியது. சந்திரனின் ஈர்ப்பில் அதன் எடை ஏறத்தாழ 1,130 நியூட்டன். ஒரு குதிரைத் திறன் என்பது 746 வாட். அதைக்கொண்டு நொடிக்கு 3.6 மீட்டர் வேகத்தில் ஓடும்போது சக்கரங்கள் செலுத்தக்கூடிய தள்ளுவிசை 207 நியூட்டனுக்கு மேற்படாது. அதாவது பொடி மண்ணில் வாகனத்தின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு விசை ஓட்டத்துக்கே செலவாகிறது என்று கொள்வது பெரும் தவறாகாது.

இந்த அளவுகோலைச் செவ்வாய்க்குக் கொண்டுசெல்வோம். ஆயிரம் கிலோ நிறையுள்ள வாகனம் அங்கே 3,710 நியூட்டன் எடை கொண்டிருக்கும்; அதைத் தள்ள 740 நியூட்டன் வேண்டும். விளையாட்டுகளில் வாகனங்கள் சர்வ சாதாரணமாக ஓடும் வேகமான மணிக்கு 36 கிலோமீட்டரில் அதை ஓட்ட வேண்டுமானால், மேடு பள்ளங்களைக் கணக்கில் சேர்க்காமலே 7,400 வாட் தேவை. 2012-இல் செவ்வாயில் இறங்கிய க்யூரியாசிடி ஊர்தியும் ஏறத்தாழ ஆயிரம் கிலோதான். அதன் கதிரியக்க வெப்ப மின்னாக்கி புதிதாக இருந்தபோது தந்த மின்திறன் சுமார் 110 வாட். அறுபது மடங்குக்கு மேற்பட்ட இந்த வித்தியாசமே அவ்வூர்தி சமதரையில்கூட நொடிக்கு 4 சென்டிமீட்டருக்கு மேல் நகராததன் காரணங்களுள் தலையாயது.

அப்படியானால் மின்னாக்கிகளின் எண்ணிக்கையைப் பெருக்கிவிடலாமே என்று ஒருவர் வினவலாம். க்யூரியாசிடியின் மின்னாக்கி 45 கிலோ நிறை கொண்டது. அதாவது கிலோவுக்கு 2.4 வாட். செவ்வாய் மணலில் ஒரு கிலோ நிறையை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓட்ட நம் அளவுகோலின்படி 0.74 வாட் வேண்டும். இவ்விரண்டையும் வகுத்துப் பார்த்தால், சக்கரமும் ஆசனமும் ஆளும் இன்றி முழுவதும் மின்னாக்கியாலேயே செய்யப்பட்ட ஒரு வாகனம் இருந்தாலும், அதன் உச்ச வேகம் நொடிக்கு 3.3 மீட்டர், அதாவது மணிக்கு 12 கிலோமீட்டர்தான் என்று விடை வருகிறது. எண்ணிக்கையைப் பெருக்கினாலும் இவ்வெல்லை மாறாது. ஏனெனில் திறன் பெருகும் அளவுக்கு நிறையும் பெருகும். ‘ஆஸ்ட்ரோனீர்’ என்னும் விளையாட்டில் இத்தகைய மின்னாக்கி ஒன்றை ஊர்தியின் முதுகில் ஏற்றிவிட்டால், அதன் பின் சக்தியைப் பற்றிய கவலையே அற்றுப்போகிறது. மின்னாக்கி அங்கே இருப்பதில் பிழையில்லை. அது விடாமல் சக்தி தருவதிலும் பிழையில்லை. ஊர்தி அதைக்கொண்டு பாய்ந்தோடுவதுதான் பொருந்தவில்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. இம்மின்னாக்கிகளுக்கு உஷ்ணம் தரும் புளூட்டோனியம்-238-இன் அரை ஆயுள் 87.7 ஆண்டுகள். 1977-இல் ஏவப்பட்ட வாயேஜர் கலங்கள் புறப்பட்டபோது 470 வாட் அளவு மின்திறன் பெற்றிருந்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 4 வாட் வீதம் இழந்து, இன்று தம் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருகின்றன. மெக்ஸிகோவின் ஸ்குவாட் நிறுவனம் உருவாக்கிய ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ மற்ற பல விஷயங்களில் மிகுந்த நேர்மை பாராட்டுவது. ஆனாலும் அதில் இந்த மின்னாக்கிக்கு மூப்பென்பதே இல்லை. தூரக் கிரகங்களுக்குப் பல ஆண்டுப் பிரயாணம் செல்லும் ஒரு விளையாட்டில் இந்த மூப்பைச் சேர்த்திருந்தால் ஆட்டத்தின் சுவை கூடியிருக்குமேயன்றிக் குறைந்திராது.

சூரிய ஒளியைப் பற்றி அதே விளையாட்டு நடந்துகொள்ளும் முறை பாராட்டுக்குரியது. சூரியனிலிருந்து தூரம் இரட்டித்தால் ஒளி நான்கில் ஒன்றாகும் என்ற விதியை அது மறவாமல் பின்பற்றுகிறது. மெய்யுலகில் பூமியின் தூரத்தில் சதுர மீட்டருக்கு 1,361 வாட்டாக இருக்கும் ஒளி, செவ்வாயில் 590 ஆகவும் வியாழனில் 50 ஆகவும் தேய்ந்துவிடுகிறது. செவ்வாயில் நண்பகலில், நூற்றுக்கு முப்பது பங்கு ஒளியை மின்சாரமாக்கும் உயர்ந்த தகடுகளை ஆறு சதுர மீட்டர் பரப்பில் ஏந்திச் செல்லும் வாகனம் சுமார் ஆயிரம் வாட் பெறும். நம் ஆயிரம் கிலோ ஊர்தி அதைக்கொண்டு மனிதன் நடக்கும் வேகத்தில் செல்லும். 2023 ஆகஸ்டில் சந்திரனின் தென்பகுதியில் இறங்கிய சந்திரயான்-3-இன் பிரக்யான் ஊர்தி 26 கிலோ நிறையும் 50 வாட் தகடும் கொண்டு, ஒரு சந்திரப் பகலில் நூறு மீட்டர் அளவே நகர்ந்தது; இரவு வந்ததும் அதன் வேலை முடிந்தது. செவ்வாயிலோ இரவைவிடக் கொடிய சத்துரு புழுதி. பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்து 45 கிலோமீட்டர் கடந்த ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தியை 2018 ஜூனில் எழுந்த புழுதிப் புயல் மௌனமாக்கிற்று. பல்கேரிய நாட்டு ஹெமிமாண்ட் நிறுவனத்தின் ‘சர்வைவிங் மார்ஸ்’ விளையாட்டில் தகடுகள் இரவில் உறங்குவதும், புழுதி படிந்து பழுதாவதும், புயல் வீசும்போது குடியேற்றம் முழுவதும் சேமித்த சக்தியை எண்ணி எண்ணிச் செலவிடுவதும் இந்த அனுபவத்தை விசுவாசமாகப் பிரதிபலிக்கின்றன.

காற்றாலைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. செவ்வாயின் வாயுமண்டலம் பூமியினுடையதைப்போல் அறுபதில் ஒரு பங்கு அடர்த்திதான். நொடிக்குப் பத்து மீட்டர் வேகமுள்ள காற்றிலிருந்து சதுர மீட்டருக்கு 6 வாட்டுக்கு மேல் கறக்க இயற்கை விதியே இடம் தராது.

எரிப்பதைப் பற்றிய பிழைகள் இவற்றினும் ஆழமானவை. தீ என்பது எரிபொருளின் தனிச்சொத்தன்று. பிராணவாயுவும் சேர்ந்தே அதைப் பெற்றெடுக்கிறது. ‘ஆஸ்ட்ரோனீர்’ விளையாட்டில் ஆடுபவர் பிராணவாயுக் குழாயைவிட்டுச் சிறிது விலகினாலும் மூச்சுத் திணறி மடிகிறார். ஆனால் அவருக்கு அருகிலேயே நிற்கும் மின்னாக்கி அதே காற்றில் கரியை ஆனந்தமாக எரித்துக்கொண்டிருக்கிறது. ‘எலைட் டேஞ்சரஸ்’ விளையாட்டில் தரை ஊர்தியின் எரிபொருளைக் கந்தகத்தையும் பாஸ்பரஸையும் சேர்த்துத் தயாரிக்கலாம். பூமியில் இரண்டும் நன்றாக எரியக்கூடியவைதாம், ஆனால் காற்றே இல்லாத நிலவுகளில் அவற்றை எரிக்கப் பிராணவாயு எங்கிருந்து வந்தது என்பதற்கு விடையில்லை. இவ்விஷயத்திலும் ‘கெர்பல்’ தனித்து நிற்கிறது: காற்றிருந்தும் பிராணவாயு இல்லாத டூனா என்னும் கிரகத்தில் ஜெட் எஞ்சின் உயிர்பெறாது, பிராணவாயு உள்ள லேத் என்னும் நிலவில் அதே எஞ்சின் முழங்கும். மெய்யுலகில் சனியின் நிலவாகிய டைட்டனில் இவ்விதி தலைகீழான ஒரு விசித்திரத்தை உண்டாக்குகிறது. அங்கே மீதேன் ஏரிகளாகவும் கடல்களாகவும் தேங்கிக் கிடப்பதால் எரிபொருளுக்குப் பஞ்சமில்லை. வாகன ஓட்டி தொட்டியில் சுமந்து, அளந்து, அஞ்சி அஞ்சிச் செலவிட வேண்டிய அரும்பொருள் பிராணவாயுவாகவே இருக்கும்.

செக் நாட்டின் கீன் நிறுவனம் ஆக்கிய ‘ஸ்பேஸ் எஞ்சினியர்ஸ்’ விளையாட்டில் பனிக்கட்டி ஒரு பெரும் சக்தி மூலம். பனியை வெட்டி, மின்சாரத்தால் அதிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, அந்த ஹைட்ரஜனை எஞ்சினில் இட்டு மின்சாரம் பெற்றால், செலவிட்டதைவிடப் பெற்றது அதிகமாகிறது. இது நிரந்தர இயக்க யந்திரமே; பௌதிகம் இதை ஒருகாலும் அனுமதிக்காது. தண்ணீர் என்பது எரிந்து முடிந்த ஹைட்ரஜனின் சாம்பல். ஒரு கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்கக் குறைந்தபட்சம் 39 யூனிட் மின்சாரம் வேண்டும்; மீண்டும் எரித்தால் அந்த 39 யூனிட்டுக்குமேல் உஷ்ணமாகக்கூடக் கிடைக்காது; எரிபொருள் கலத்தில் இட்டு மின்சாரமாக்கினால் பாதிதான் மிஞ்சும். பனிக்கட்டியைச் சக்தியை ஏற்றிச் செல்லும் பாத்திரமாகக் கருதலாம். சக்தியின் ஊற்றாகக் கருத முடியாது. இந்த வேறுபாட்டை இளைஞன் ஒருவன் விளையாட்டின் வாயிலாகத் தவறாகக் கற்றுக்கொள்வது, ஏதோ கற்பனை உலோகத்தின் பெயரைக் கற்றுக்கொள்வதைவிடத் தீங்கானது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் ஹைட்ரஜனைப் பற்றிப் பூமியில் இன்று நடைபெறும் விவாதங்களிலும் இதே மயக்கம் தலைகாட்டுகிறது.

அணுவின் அரிய பொருள்களுக்கு வருவோம். இங்கிலாந்தின் ஹலோ கேம்ஸ் 2016-இல் வெளியிட்ட ‘நோ மேன்ஸ் ஸ்கை’ விளையாட்டில், விண்கற்களைச் சுட்டு நொறுக்கினால் டிரிடியம் கிடைக்கிறது. அது கலத்தின் எஞ்சினுக்கு உணவாகிறது. டிரிடியத்தின் அரை ஆயுளோ 12.3 ஆண்டுகள். சூரிய மண்டலத்தின் விண்கற்களுக்கு வயது 450 கோடி ஆண்டுகளுக்கு மேல். பிறப்பின்போது அவை முழுவதும் டிரிடியமாகவே இருந்திருந்தாலும் இன்று அதன் சுவடுகூட எஞ்சியிராது. அங்கே டியூட்டீரியம் என்று எழுதியிருந்தால் குற்றம் சொல்ல இடமிராது. ஓர் எழுத்தாளர் ஒரு பிற்பகல் நூலகத்தில் செலவிட்டிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய குறை அது. நட்சத்திரங்களுக்கிடையே தாவுவதற்கு அதே விளையாட்டு எதிர்ப்பொருளைப் பயன்படுத்துகிறது. ஒரு கிராம் எதிர்ப்பொருள் ஒரு கிராம் பொருளோடு கலந்து அழியும்போது 5 கோடி யூனிட் அளவு சக்தி பிறக்கும் என்பது மெய். சேமித்து வைக்கக்கூடிய சக்தியில் இதை விஞ்சியது எதுவும் இல்லை. ஆனால் எதிர்ப்பொருளும் பனிக்கட்டியின் ஹைட்ரஜனைப் போன்றதே: வெட்டியெடுக்கும் சுரங்கம் எங்கும் இல்லை, உண்டாக்கச் செலவிட்ட சக்தியில் அற்பமான பங்கையே அது திருப்பித் தரும்.

ஹீலியம்-3-இன் கதை இவ்வளவு எளிதில் தள்ளத்தக்கதன்று. ‘ஸ்டார்ஃபீல்டு’ போன்ற விளையாட்டுகள் அதைக் கலங்களின் பொது எரிபொருளாக்கியதற்குப் பின்னே மெய்யான ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. சூரியக் காற்று கோடானுகோடி ஆண்டுகளாகச் சந்திர மண்ணில் ஹீலியம்-3-ஐப் பதித்து வைத்திருக்கிறது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 1986-இல் அதை அணுச்சேர்க்கைக்கு எரிபொருளாக்கலாம் என்று எடுத்துரைத்தனர். அப்பல்லோ-17-இன் சந்திர ஊர்தியில் சென்ற பூகர்ப்ப சாஸ்திரி ஹாரிசன் ஷ்மிட் பிற்காலத்தில் அதன் பிரசாரகராகவே விளங்கினார். ஒரு கிலோ ஹீலியம்-3 டியூட்டீரியத்தோடு சேர்ந்தால் 16 கோடி யூனிட் அளவு சக்தி தரும். ஆனால் சந்திர மண்ணில் அது நூறு கோடியில் பத்துப் பங்கு போன்ற சொற்ப அளவிலேயே இருப்பதால், ஒரு கிலோவுக்காக லட்சம் டன்னை ஒட்டிய மண்ணைச் சூடாக்கிச் சலிக்க வேண்டியிருக்கும். அதை எரிப்பதற்கான உலையோ, அதைவிட எளிய டிரிடியச் சேர்க்கையே இன்னும் மின்சாரமாகப் பலன் தராத நிலையில், தூரத்து நம்பிக்கையாகவே இருக்கிறது. எதிர்காலத்தில் நடப்பதாகச் சொல்லும் கதைக்கு இந்த நம்பிக்கை போதும். சிறியதொரு குழாயை நிலத்தில் நட்டால் ஹீலியம் பொங்கி வரும் என்ற காட்சிதான் ஒப்புக்கொள்ளத்தக்கதன்று.

இத்தனை மூலங்களுள் எதைக் கொண்டாலும், கழிவு உஷ்ணம் எங்கே போகிறது என்ற கேள்வி எஞ்சும். வெற்றிடத்தில் காற்றில்லை, கதிர்வீச்சு ஒன்றாலேயே உஷ்ணம் வெளியேற வேண்டும். 2018-இல் நெவாடா பாலைவனத்தில் சோதிக்கப்பட்ட கிலோபவர் அணு உலையைப் போன்றதொன்று பத்தாயிரம் வாட் மின்திறன் தருவதாகவும், நூற்றுக்கு இருபத்தைந்து பங்கே மின்சாரமாவதாகவும் வைத்துக்கொண்டால், முப்பதாயிரம் வாட் கழிவு உஷ்ணத்தை 127 பாகை வெப்பநிலையில் வெளியேற்ற இருபது சதுர மீட்டர் தகடு வேண்டும். கதிரியக்கத்திலிருந்து ஓட்டுபவரைக் காக்கும் கனத்த கவசம் அதற்கு மேல். ‘ஸ்பேஸ் எஞ்சினியர்ஸ்’ விளையாட்டின் யுரேனிய உலையோ ஒரு பெட்டி. தகடுகள் எதுவுமின்றி அது வாகனத்தின் வயிற்றில் அடங்கிவிடுகிறது. உஷ்ணத்தைப் பொருட்படுத்திய விளையாட்டுகள் மிகச் சில. அவற்றை நன்றியோடு குறிப்பிட வேண்டும். ‘எலைட் டேஞ்சரஸ்’ விளையாட்டில் நட்சத்திரத்தின் விளிம்பில் ஹைட்ரஜன் அள்ளும் கலம் சூடேறித் தவிக்கிறது. எதிரியின் கண்ணுக்குத் தப்ப உஷ்ண வாயில்களை மூடிக்கொண்டால் உள்ளேயே வெந்துபோகும் அபாயம் உண்டாகிறது. 2007-இல் வந்த ‘மாஸ் எஃபெக்ட்’ விளையாட்டில் நார்மண்டி என்னும் மறைவுக் கலம் தன் உஷ்ணத்தை வெளிவிடாமல் சேமித்து வைக்கக்கூடிய காலமே அதன் மறைவுக்கு எல்லை. அதே விளையாட்டின் மாக்கோ என்னும் தரை வாகனத்துக்கு, ஹைட்ரஜன், பிராணவாயு இரண்டையும் உள்ளே வைத்து மூடிய எரிபொருள் கலத்தை அளித்திருக்கிறார்கள்; எடையைக் குறைக்கும் கற்பனைத் தனிமத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், தரை ஊர்திக்கு நான் கண்ட சக்தி ஏற்பாடுகளில் அதுவே மிகவும் யோசித்துச் செய்யப்பட்டது.

வேகத்தைப் பற்றிய பிழை வேண்டுமென்றே செய்யப்படும் இடமும் உண்டு. ‘கெர்பல்’ விளையாட்டின் ‘டான்’ அயனி எஞ்சின், 2007-இல் ஏவப்பட்டு வெஸ்டாவையும் செரஸையும் கண்டுவந்த அதே பெயருடைய கலத்தை நினைந்து பெயரிடப்பட்டது. மெய்யான எஞ்சினின் தள்ளுவிசை ஒரு நியூட்டனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. விளையாட்டில் அது 2,000 நியூட்டன். அவ்விசையை அவ்வளவு வேகமான பீச்சலோடு உண்டாக்க 4 கோடி வாட்டுக்கு மேல் திறன் வேண்டும். பூமியின் தூரத்தில் அதைச் சூரியனிடமிருந்து பெற ஏறக்குறைய 25 ஏக்கர் தகடு விரிக்க வேண்டும். மெய்யான விசையைக் கொடுத்திருந்தால் ஆடுபவர் மாதக்கணக்கில் திரையை வெறித்திருக்க நேரும் என்ற காரணம் எவருக்கும் விளங்கும். ஆனால் அதே விளையாட்டில் காலத்தை ஆயிரக்கணக்கான மடங்கு விரைவாக்கும் ஏற்பாடும் இருக்கிறது. மெதுவான சக்தி மூலத்துக்கு உரிய மருந்து அதுவேயன்றி, மூலத்தை ஊதிப் பெருக்குவதன்று.

பௌதிகம் ஒப்புக்கொள்ளும் வழி கடினமானதும் அன்று. இன்றைய லித்தியம் பாட்டரி கிலோவுக்குக் கால் யூனிட் அளவு தாங்கும். இருநூறு கிலோ பாட்டரி 50 யூனிட் தாங்கும். செவ்வாய் மணலில் நம் ஆயிரம் கிலோ ஊர்தியை அது இருநூறு கிலோமீட்டருக்கு மேல், விளையாட்டுகளுக்கு உகந்த வேகத்திலேயே, ஓட்டும். குடியேற்றத்தில் நிலையாக நிற்கும் பத்தாயிரம் வாட் உலை அதை ஐந்து மணி நேரத்தில் மீண்டும் நிரப்பிவிடும். மெதுவான மூலம் ஓரிடத்தில், வேகமான சேமிப்பு வாகனத்தில் என்ற இந்த ஏற்பாட்டையே 2028-இல் ஏவப்படவிருக்கும் நாசாவின் டிராகன்ஃப்ளை, டைட்டனில் ஒரே உடலுக்குள் செய்து காட்டப்போகிறது. க்யூரியாசிடியின் மின்னாக்கியைப் போன்ற ஒன்று, பூமியின் பதினாறு நாளுக்குச் சமமான டைட்டன் நாளின் பெரும்பகுதியும் பாட்டரியை மெல்ல மெல்ல நிரப்பும். அதே மின்னாக்கியின் கழிவு உஷ்ணம், பூஜ்யத்துக்குக் கீழே 179 பாகைக் குளிரில் கலத்தின் உள்ளுறுப்புகளைக் காக்கும். பின்னர் எட்டுச் சுழல்விசிறிகளும் சேர்ந்து அரைமணி நேர அளவில் அந்தச் சேமிப்பைச் செலவிட்டு, கலத்தைப் பல கிலோமீட்டர் தூரம் தூக்கிச் சென்று இறக்கும். எவ்வளவு நேரம் நிறைப்பது, நிறைத்ததில் எவ்வளவை ஆய்வுக் கருவிகளுக்கு ஈவது, எவ்வளவைப் பறப்புக்கு ஒதுக்குவது, இறங்குமிடம் கரடாக இருந்தால் திரும்பி வர எவ்வளவை மிச்சம் பிடிப்பது என்ற தீர்மானங்கள் அதை இயக்குவோருக்கு ஒவ்வொரு நாளும் உண்டு. ஒரு நல்ல விளையாட்டுக்கு வேண்டிய சங்கடங்கள் அத்தனையும் அந்தத் தீர்மானங்களிலேயே இருக்கின்றன.